கம்பம் பள்ளத்தாக்கின் வைத்திய வரலாறு – 14: வந்தவர்களும் தங்கியவர்களும்

சென்ற இதழில் பிளேக் நோயைப் பார்த்தோம். ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பிளேக்கை ஆராய்ந்து எழுதிய நெடுங்கட்டுரை 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது என்பதோடு நிறுத்தியிருந்தேன். எலியும் தெள்ளுப்பூச்சியும் இந்தப் பள்ளத்தாக்கை விட்டு ஏன் போகமாட்டேன் என்கின்றன என்று கண்டறிய ஆள் வந்தது. ஆய்வு முடிந்தது, ஆய்வாளர்கள் போய்விட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் வந்த வேலை அவ்வளவுதான். ஆனால் அவர்கள் போன மறுநாள் காலையில் கோம்பையில் காய்ச்சலோடு எழுந்தவனுக்கு யார் இருந்தார்கள்? இந்த வாரப் பேச்சு அதுதான்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தேனியிலிருந்து குமுளி போகிற நெடுஞ்சாலை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று தெற்கே ஓடிவிடும். கோம்பை அந்தச் சாலையில் இல்லை. உத்தமபாளையத்தில் திரும்பி மலையைப் பார்த்துப் போனால் கோம்பை, அப்புறம் பண்ணைப்புரம், அப்புறம் தேவாரம், கடைசியில் போடி. வெளியூர்க்காரர்களுக்குக் கோம்பை என்றால் நாய்தான் ஞாபகம் வரும். பண்ணைப்புரத்துக்கு இளையராஜா வாய்த்தார், கோம்பைக்கு வேட்டைநாய் வாய்த்தது. அண்ணாந்து பார்த்தால் ராமக்கல்மேடு, அதற்கு அப்பால் இடுக்கி. விடிவதற்கு முன்னே ஜீப் ஏறி மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிற சனம் இந்த அடிவாரம் முழுக்க உண்டு. நோய் முற்றினால் ஏறவேண்டிய படிகளும் ஊருக்கு மனப்பாடம்: உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையம், உத்தமபாளையம் அல்லது கம்பம் அரசு மருத்துவமனை, அதற்கும் மேலே கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி, அதுவும் முடியாவிட்டால் மதுரை பெரியாஸ்பத்திரி.

ஒவ்வொரு படியிலும் கட்டடம் இருக்கிறது. கட்டடம் கட்டுவதில் எந்த ஆட்சியும் சளைத்ததில்லை. ஆளைக் கொண்டுவருவதும், வந்த ஆளை இருக்கவைப்பதும்தான் எல்லா ஆட்சிகளுக்கும் கண்டம். அரசு தன் வேலையில் ஒரு டாக்டரைத் தக்கவைப்பது ஒரு காரியம், அவரைக் கோம்பையில் தக்கவைப்பது இன்னொரு காரியம். நூற்றைம்பது வருடக் கதையைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பல முடிச்சுகள் தானே அவிழும்.

மானிய டாக்டர்

பெரியாறு அணை வேலை 1887இல் தொடங்கியது. மலேரியா மாதங்களில் வேலையையே நிறுத்திவிட்டு ஆட்களைக் கீழே இறக்கிய கதை இந்தத் தொடரின் தொடக்கத்தில் வந்தது. அணைக்கு மேலே கூலியாட்களுக்கு வைத்தியம் பார்க்க ஏற்பாடு இருந்தது. வேலை முடிந்து 1895இல் தண்ணீர் திறந்த பிறகு அந்த ஏற்பாட்டுக்கும் வேலை இல்லை. நோய் மட்டும் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டது.

கீழே ஊர்களில் இருந்தது தர்மாஸ்பத்திரி. 1871இன் லோக்கல் ஃபண்ட் சட்டம், 1884இன் உள்ளாட்சிச் சட்டம் ஆகியவற்றின் வழியே வந்த தாலுகா போர்டும் ஜில்லா போர்டும் வரிப்பணத்தில் நடத்திய சிறு மருந்தகங்கள் அவை. ஒரு ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட், ஒரு கம்பவுண்டர், ஒரு டிரெஸ்ஸர், ஒரு தோட்டி. இங்கிலீஷ் டாக்டர் என்று ஊர் சொன்னது பெரும்பாலும் இந்த ஹாஸ்பிடல் அசிஸ்டென்டைத்தான். அவர்களும் பெரிய ஊர்களில்தான் இருந்தார்கள். மலையடிவாரத்துக்கு மிச்சம் நாட்டு வைத்தியரும், மருத்துவச்சியும், மாரியம்மனும்.

1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரமும் உள்ளாட்சியும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்கள் கைக்கு வந்தன. நீதிக்கட்சியின் பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த 1920களின் நடுவில் சென்னை மாகாணம் ஒரு வழி கண்டது. கிராமத்துக்கெல்லாம் அரசு டாக்டரை அனுப்பக் காசும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே தனியார் டாக்டர் ஒருவர் மருந்தகம் இல்லாத கிராமத்தில் குடியேறித் தொழில் நடத்தினால் அரசு வருடத்துக்கு ஒரு மானியம் தரும், மருந்துக்குக் கொஞ்சம் பணம் தரும். ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும். வசதியுள்ளவர்களிடம் ஃபீஸ் வாங்கிக்கொள்ளலாம். பாதி அரசு, பாதி சொந்தக் கடை. மானியம் பெறும் கிராம வைத்தியர் திட்டம் என்று பெயர்.

எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு. டாக்டர் கிராமத்தில் குடியிருக்க வேண்டும் என்பதை அது முதல் நிபந்தனையாக வைத்தது. பின்னால் வந்த பல திட்டங்கள் டாக்டரின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்றே கவலைப்பட்டன. இது அவர் எங்கே தூங்குகிறார் என்று கவலைப்பட்டது. ஆனால் அதன் கணக்கில் ஒரு ஓட்டை. ஃபீஸ் கொடுக்கக்கூடியவன் நிறைய இருக்கிற ஊரில் மானியம் இல்லாமலே டாக்டர் கடை போட்டுவிடுவார். ஃபீஸ் கொடுக்க ஆளில்லாத ஊரில், அதாவது மானியம் உண்மையில் தேவைப்படுகிற ஊரில், மானியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வானம் பார்த்த பூமியும் ஏலத்தோட்டக் கூலியுமாக இருந்த மலையடிவாரம் இந்த இரண்டாவது வகை.

அதற்கு முன்பே, கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில், இதே சிக்கலை ஒருவர் வேறு கோணத்தில் தொட்டிருந்தார். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன். 1848 முதல் மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தவர். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்து முடித்தவன் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுகிறான், கிராமத்துக்கு மிஞ்சுவதில்லை என்று கண்டார். பிறகு பாடப் புத்தகங்களைத் தமிழில் பெயர்த்து, 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். கிறீனை மருத்துவத் தமிழின் முன்னோடி என்று கொண்டாடுகிறோம், சரி. அவர் செய்ததில் பாதி, படித்தவனை ஊரில் இருக்கவைக்கும் தந்திரம் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

எல்.எம்.பி. போனது

தமிழ்நாட்டில் கிறீனின் வழியைப் பின்பற்றியவர் இல்லை என்றாலும் அதற்குக் கிட்டத்தில் ஒரு வகுப்பு இருந்தது. எல்.எம்.பி. எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் குறைந்த காலப் படிப்பு, மருத்துவப் பள்ளிகளில் நடந்தது. ராயபுரம் மருத்துவப் பள்ளி 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்வதற்கு முன் இவர்களைத்தான் உருவாக்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்குத் தொடங்கியதும் இந்தப் படிப்புதான். அந்தக் காலத்துக் கிராம மருந்தகங்களின் முதுகெலும்பு எல்.எம்.பி.க்கள்.

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை கொடுத்த போர் குழு (சர் ஜோசப் போர் தலைமை, நம் ஊர் லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர்) நாட்டில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குக் காட்டியது. அந்த நிலையில் குழுவின் பெரும்பான்மை எடுத்த முடிவு: இனி ஒரே வகை டாக்டர் போதும், எம்.பி.பி.எஸ்.; எல்.எம்.பி. படிப்பை நிறுத்திவிடலாம். ஆறு உறுப்பினர்கள் உடன்படவில்லை. ஆள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது இருக்கிற ஒரு வாசலையும் மூடுவதா என்பது அவர்கள் கேள்வி.

இருபுறமும் நியாயம் இருந்தது. கிராமத்தானுக்கு இரண்டாந்தர டாக்டர், பட்டணத்தானுக்கு முதல்தர டாக்டர் என்பது எவருக்கும் உறுத்தும். எல்.எம்.பி.க்களே சமமாக நடத்தக் கேட்டுப் பல காலம் போராடியவர்கள். பெரும்பான்மையினர் கொள்கையில் சரி. ஆனால் அந்த முடிவின் விலையைக் கொடுத்தது கோம்பை மாதிரி ஊர்கள். இருந்த டாக்டர் ஓய்வு பெற்றுப் போக, அவர் இடத்துக்கு வரவேண்டிய எம்.பி.பி.எஸ். வர முப்பது, நாற்பது வருடம் ஆயிற்று. அந்த இடைவெளியில்தான் கம்பவுண்டராக இருந்தவர் 'டாக்டர்' ஆனார். ஊசி போடத் தெரிந்த எல்லாரும் டாக்டர் ஆனார்கள். போலி டாக்டர் ரெய்டு என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு 1946 நினைவுக்கு வரும்.

1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டாரத்துக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அதன் பகுதி. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவரை டாக்டருக்குப் படிக்கச் சென்னை போகவேண்டியிருந்த பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு, எழுபத்தைந்து, நூறு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு வாசல். ஆனாலும் படித்தவர்கள் திரும்பி வந்தது தேனி, கம்பம், போடி வரைதான். அங்கே ஏலக்காய் மண்டி இருந்தது, சந்தை இருந்தது, ஃபீஸ் கொடுக்க ஆள் இருந்தது.

நர்சம்மா

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் டாக்டர் இல்லை. பஞ்சாயத்து யூனியன் காலத்தில் 'தாய் சேய் நல விடுதி' என்று ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஓர் ஓட்டுக் கட்டடம் இருக்கும். அதில் ஒரு மகப்பேறு உதவியாளர், ஓர் ஆயா. ஊருக்கு அவர் 'நர்சம்மா', சில ஊரில் 'டாக்டரம்மா'வே. 1973இல் கர்த்தார் சிங் குழு, அம்மைக்கு ஓர் ஆள், மலேரியாவுக்கு ஓர் ஆள், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஓர் ஆள் என்று இருந்ததை மாற்றி எல்லாவற்றுக்கும் ஒரே பல்நோக்குப் பணியாளர் போதும் என்றது. அந்த வழியில் நர்சம்மா 'கிராம சுகாதார செவிலியர்' ஆனார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. அதில் அவரே குடியிருக்க வேண்டும்.

யாரை எடுத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்கள். ஒன்றரை வருடப் பயிற்சி (பின்னால் பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டு வருடம் என்று மாறியது). அதன் பிறகு அரசு வேலை, காலமுறை ஊதியம், ஓய்வூதியம். எழுபது, எண்பதுகளில் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இதைவிட நல்ல வேலை எத்தனை இருந்தது? டாக்டருக்குக் கோம்பை வேலை ஒரு தண்டனை. அதே ஊரின் வேலை அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கையில் ஏறிய படி. அதனால் தங்கினார்கள். இருபது வருடம், முப்பது வருடம் ஒரே வட்டாரத்தில். தான் பிரசவம் பார்த்த பெண்ணின் மகளுக்கும் தானே கர்ப்பப் பதிவு போட்ட செவிலியர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர்.

இந்தப் பள்ளத்தாக்கில் அவர்கள் தலையில் விழுந்த சுமை சாதாரணமானதில்லை. பெண் சிசுக்கொலை உசிலம்பட்டியோடு நிற்கவில்லை என்பது எல்லாரும் அறிந்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவாக்கப்பட்டபோது மதுரை, திண்டுக்கல், தருமபுரி, ஈரோட்டோடு தேனி மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. எந்த வீட்டில் இரண்டு பெண் குழந்தை ஏற்கெனவே இருக்கிறது, எந்த மருமகள் மூன்றாவது முறை உண்டாகியிருக்கிறாள், எந்த மாமியார் முகம் சரியில்லை என்று தெரிந்த ஒரே அரசு ஊழியர் கிராம சுகாதார செவிலியர். ஸ்கேன் மையங்கள் பெருகிய பிறகு அந்த ரகசியம் அவர் கைக்குள்ளும் அடங்கவில்லை என்பது வேறு கதை.

அரசு இவர்களுக்குச் செய்தது என்ன? பதவி உயர்வு என்று பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என இரண்டு படி. அதற்கும் பல வருடக் காத்திருப்பு. பதிவேடு மேல் பதிவேடு. 2008 வாக்கில் கர்ப்பிணிப் பதிவு கம்ப்யூட்டருக்கு மாறியபோது நோட்டும் எழுதவேண்டும், கம்ப்யூட்டரிலும் ஏற்றவேண்டும். குடியிருக்கச் சொன்ன துணை சுகாதார நிலையம் பல இடங்களில் ஒழுகியது. தனியாக இருக்கிற பெண்ணுக்கு இரவில் பாதுகாப்பு இல்லை. மெல்ல மெல்ல அவர்களும் பக்கத்து டவுனில் வீடு பிடித்தார்கள், மொபட்டில் வந்து போனார்கள். அவர்கள் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

ஏணி

டாக்டர் பக்கம் திரும்புவோம். தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களின் ஆளெடுப்பு வரலாற்றில் ஒரு மந்திரச் சொல் உண்டு: 'டென் ஏ ஒன்'. தேர்வாணையத்தின் வழியே உதவி மருத்துவரைத் தேர்ந்தெடுக்கக் காலம் பிடிக்கும். ஆரம்ப சுகாதார நிலையம் அதுவரை பூட்டிக்கிடக்குமா? அரசுப் பணி விதிகளின் அந்தப் பிரிவின் கீழ் தற்காலிகமாக எடுத்துவிடுவார்கள். பிறகு சிறப்புத் தேர்வு எழுதி நிரந்தரமாக வேண்டும். அந்தத் தேர்வு எப்போது வரும் என்பது ஒரு தலைமுறை டாக்டர்களின் அன்றாடப் பேச்சு. இந்தச் சங்கடம் தீர 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) தனியாக அமைந்தது. மருத்துவத் துறைக்கென்றே இப்படி ஒரு வாரியம் அமைத்தது இந்தியாவில் தமிழ்நாடுதான் முதலில்.

ஆனால் இளம் டாக்டரை மலையடிவாரத்துக்கு இழுத்தது சம்பளமோ நிரந்தரமோ இல்லை. அது சர்வீஸ் கோட்டா. அரசுக் கல்லூரிகளில் மாநிலத்தின் கையில் உள்ள முதுநிலை இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. குறைந்தது இரண்டு வருடம் சர்வீஸ் போட்டிருக்க வேண்டும். பி.ஜி. முடித்தபின் ஓய்வு பெறும் வரை அரசில் இருப்பேன் என்று பாண்ட் எழுதிக்கொடுக்க வேண்டும். 2001இல் கே. துரைசாமி வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தப் பாதிக்குப் பாதியை ஒப்புக்கொண்டது. எம்.பி.பி.எஸ். முடித்த பையன் நினைப்பான்: எம்.டி. சீட்டுக்கு வெளியே கோடியில் கேட்கிறார்கள், கோம்பையில் இரண்டு வருடம் உட்கார்ந்தால் சர்வீஸில் கிடைக்கும். வந்தான். அரசு போட்ட கணக்கு பலித்தது.

கணக்கின் மறுபாதியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மூன்று இயக்குநரகங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ். உத்தமபாளையம், கம்பம், பெரியகுளம் மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகளின் கீழ். மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். எம்.டி. படித்துத் திரும்பிய டாக்டருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை இல்லை. எலும்பு டாக்டரை அங்கே வைத்து என்ன செய்வது? அவர் மருத்துவமனைக்குப் போவார், அங்கிருந்து கல்லூரிக்குப் போவார். 2004இல் ஆண்டிபட்டி அருகே கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபோது (ஆண்டிபட்டி அப்போது முதலமைச்சர் ஜெயலலிதாவின் தொகுதி) பள்ளத்தாக்குக்கு அது மதுரையின் தூரத்தைப் பாதியாக்கியது. கோம்பையிலிருந்து ஆம்புலன்ஸில் போகிறவனுக்கு அதன் அருமை தெரியும். 2008இல் 108 வந்தபின் இன்னும் தெரியும். அந்தக் கல்லூரியின் நிபுணர்களை அரசு வேலையில் கட்டி வைத்திருப்பதில் சர்வீஸ் கோட்டாவுக்குப் பெரும் பங்கு உண்டு. பல மாநிலங்களில் சிறப்பு மருத்துவர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கையில் தமிழ்நாடு தலை நிமிர்ந்ததற்கும் அதுவே காரணம்.

அப்படியானால் கோம்பை? டாக்டரை இங்கே கொண்டுவந்த ஏணியே அவரை இங்கிருந்து ஏற்றி அனுப்பிவிட்டது. இரண்டு வருடம், மூன்று வருடம், பிறகு புது ஆள். இடையில் காலி. காலியான நாட்களில் பக்கத்து நிலைய டாக்டர் 'இன்சார்ஜ்', அல்லது இங்கே இருக்கிறவர் வேறெங்கோ 'டெபுடேஷன்'. சர்க்கரைக்காரர் தன் கதையை ஒவ்வொரு புது டாக்டரிடமும் முதலிலிருந்து சொல்வார். நான் இதைத் தோல்வி என்று சொல்லமாட்டேன். அரசு எதைத் தக்கவைக்க நினைத்ததோ அதைத் தக்கவைத்தது. அதில் ஊர் ஒரு நிறுத்தம் மட்டும்.

2017இல் அந்த ஏணியும் ஆடியது. முதுநிலைச் சேர்க்கை அகில இந்திய நீட் தேர்வின் கீழ் வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் விதியில் தனி ஒதுக்கீடு இல்லை. தொலைதூர, கடினப் பகுதிகளில் பணிபுரிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 10 சதவீதம், மொத்தம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் மட்டுமே. உயர்நீதிமன்றம் விதிப்படி நடக்கச் சொன்னது. எந்த ஊர் 'தொலைதூரம்', எது 'கடினம்' என்று பட்டியல் போடுவதிலேயே வழக்கு மேல் வழக்கு. அரசு மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2020 ஆகஸ்ட் 31இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் இருக்கிறது. அந்த நவம்பரில் மாநில அரசு உயர் சிறப்பு இடங்களுக்கும் 50 சதவீதம் என்று ஆணையிட்டது.

இதற்கு நடுவில் ஊதியப் போராட்டம். 2009ஆம் ஆண்டின் 354ஆம் எண் அரசாணையை மறு ஆய்வு செய்து, காலத்தோடு ஊதிய உயர்வு தரவேண்டும் என்று 2019 அக்டோபர் கடைசியில் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பணி முறிவு என்று எச்சரித்தது. நவம்பர் முதல் நாள் போராட்டம் முடிந்தது. முன்னின்றவர்களுக்கு இடமாற்றம் வந்தது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவரான டாக்டர் லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தார். ஒரு பக்கம் ஆளைத் தக்கவைக்க உச்சநீதிமன்றம் வரை வழக்காடிய அதே அரசு, இன்னொரு பக்கம் நடந்துகொண்ட விதம் இது.

தொகுப்பூதியம்

2000களின் நடுவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை வைத்து இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது. எளிய யோசனை: ஷிப்டுக்கு ஒருவர். இரவு இரண்டு மணிக்கு வலி எடுத்தாலும் விளக்கு எரியும். தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2001–03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134, 2018–20இல் 54. காரணங்கள் பல, இந்த நர்ஸ்களுக்கு அதில் உரிய இடம் உண்டு. அவர்களை எடுத்தது ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில்.

2015இல் எம்.ஆர்.பி. 7,243 நர்ஸ் இடங்களுக்குத் தேர்வு நடத்தியது. அதுவரை அரசு நர்சிங் பள்ளியில் படித்தவர்களுக்கே இருந்த வாசல், தனியாரில் படித்தவர்களுக்கும் திறந்தது. தேனியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் நகையை வைத்து நர்சிங் படித்த பெண்கள் பரீட்சை எழுதினார்கள். சம்பளம் மாதம் 7,700 ரூபாய், இரண்டு வருடம் கழித்து நிரந்தரம் என்பது பேச்சு. இரண்டு வருடம் போனது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் உட்கார்ந்தார்கள். தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி அமர்வு போராட்டத்தைக் கைவிட உத்தரவிட்டது. (2020இல் டாக்டர்களுக்கு ஒதுக்கீடு தந்த ஐவர் அமர்விலும் அவர் ஒருவர்.) ஊதியம் 14,000 ஆனது, பிறகு 18,000 ஆனது. நிரந்தரம் பகுதி பகுதியாக, இடம் காலியாகக் காலியாக.

கொரோனா வந்தது. 2020 மார்ச் கடைசியில் 530 டாக்டர், 1,000 நர்ஸ், 1,508 லேப் டெக்னீஷியன் என்று அரசு அவசரமாக ஆளெடுத்தது, பின்னும் எடுத்தது. சொந்த வீட்டாரே கிட்டே வரப் பயந்த நாட்களில் வேலை பார்த்தவர்கள். 2022 டிசம்பர் 31இல், அந்தத் தற்காலிக நர்ஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி முடிந்தது. இட ஒதுக்கீட்டு முறைப்படி எடுக்கப்பட்டவர்கள் இல்லை என்பது அரசு சொன்ன காரணம். மாவட்ட சுகாதார சங்கத்தின் வழியே வேறு தற்காலிக வேலை தருவதாகவும் சொன்னது. காரணம் சட்டப்படி செல்லும். எடுக்கும்போது அந்த முறை எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்டதற்கும் பதில் இல்லை.

இதில் புதுமை ஒன்றுமில்லை என்பதை இத்தொடரின் வாசகர்கள் அறிவார்கள். 1939இன் சென்னை பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவில் முதலாவது, தொற்றுக் காலத்துக்குத் தற்காலிக சுகாதார அலுவலர்களை நியமிக்க இடம் கொடுத்தது. பிளேக்குக்கு ஆள், காலராவுக்கு ஆள், மலேரியாவுக்கு ஆள், கொரோனாவுக்கு ஆள். நோய் அடங்கினால் ஆளும் அடங்க வேண்டும். அப்படிப் போனவர்கள் இப்போது சும்மா இருப்பதில்லை. வளைகுடாவும் இங்கிலாந்தும் அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. ஏழை நாடுகளின் நர்ஸ்களைப் பணக்கார நாடுகள் வாரிக்கொண்டு போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நடத்தை விதி வகுத்தது. நாமே வெளியே அனுப்பிவிட்டவரை அவர்கள் எடுத்துக்கொண்டால் அந்த விதி என்ன செய்யும்?

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த வரிசையில் கடைசி. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்ணே வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவன் வேலையைக் கெடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. உள்ளூர்ப் பெண்ணை எடுத்ததால் அவர் ஊரில் இருப்பார் என்பதில் சந்தேகமில்லை. நர்சம்மா காலத்தின் பாதிப் பாடத்தை அரசு மறக்கவில்லை. மறந்தது மறுபாதியை. அன்று நர்சம்மாவுக்குக் காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் இருந்தன. இன்று இவருக்கு இருப்பது மாதாந்திர ஊக்கத்தொகை.

உள்ளூர் ஆளும் நிரந்தர வேலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1972இல் எல்லா மாகாணங்களும் சேர்ந்து ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கின. ஒவ்வொரு மாகாணமும் தன் பிள்ளைகளைச் செலவில்லாமல் படிக்கவைக்கும். அவர்கள் திரும்பிவந்து சொந்த மாகாணத்தில் ஒன்பது வருடம் வேலை செய்யவேண்டும். தமிழ்நாட்டில் இதற்குக் கிட்டத்தில் வருவது 2020இன் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. அதைச் சமூகநீதி என்று மட்டும் பார்க்கிறோம். எனக்கு அது ஆளெடுப்புத் திட்டமாகவும் தெரிகிறது. கோம்பை அரசுப் பள்ளியில் படித்தவனுக்குக் கோம்பை தண்டனை ஆகாது. ஆனால் அவன் சொந்த வட்டாரத்தில் வேலை பார்த்தால் அவனுக்கு என்ன தருவோம் என்று அரசு இதுவரை எதையும் எழுதி வைக்கவில்லை. அந்த ஒதுக்கீட்டில் 2020–21இல் சேர்ந்த முதல் அணி ஐந்தரை வருடப் படிப்பை முடிப்பது 2026இல்.

அடுத்த இதழில் கம்பம், போடி, சின்னமனூர்த் தனியார் மருத்துவமனைகளின் கதை. அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு கேட்பு. இந்த அடிவார ஊர்களில் தாய் சேய் நல விடுதியிலோ துணை சுகாதார நிலையத்திலோ வேலை பார்த்தவர்களின் பழைய டைரி, பணி நியமன ஆணை, பிரசவப் பதிவு, புகைப்படம் எது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிரதி எடுத்து இதழுக்கு அனுப்புங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடமாட்டோம்.

(தொடரும்)